5000 எம்ஏஎச் போனுக்கு 10000 பவர் பேங்க் போதுமா, 20000 எடுக்கணுமா?

கிழக்குத்தாம்பரம்:
போன் பேட்டரி 5000 எம்ஏஎச், பெட்டியோடு வந்த சார்ஜர் 67 வாட். கூடவே ஒரு ப்ளூடூத் இயர்பட்ஸ். பவர் பேங்க் தினமும் ஆபீஸ் பையில்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை சென்னை–சிங்கப்பூர் விமானப் பயணமும் உண்டு. கடையில் "விலை வித்தியாசம் கொஞ்சம்தான், பெரிசையே எடுத்துக்கங்க" என்கிறார்கள். 10000 வாங்கினால் போன் இரண்டு முறை முழுசாக ஏறுமா? பவர் பேங்கில் 22.5 வாட் என்று போட்டிருக்கும் வேகம் இந்தப் போனுக்குக் கிடைக்குமா?

மின்கணக்கு:
இரண்டு முறை ஏறாது. முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருக்கும் 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதுவும் 3.7 வோல்ட்டில். வாட் அவராக (சேமித்திருக்கும் மொத்த மின் ஆற்றலின் அளவு) மாற்றினால் 37. போனுக்குக் கொடுக்க அதை 5 வோல்ட்டுக்கோ 9 வோல்ட்டுக்கோ உயர்த்த வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் "ரேட்டட் கெபாசிட்டி 5800 எம்ஏஎச், 5 வோல்ட் 3 ஆம்ப்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். உண்மையில் வெளியே கிடைக்கும் அளவு அதுதான்; நீங்கள் காசு கொடுப்பது அந்த வரிக்குத்தான். 5800 எம்ஏஎச் என்றால் 5.8 ஆம்ப் அவர். 5 வோல்ட்டால் பெருக்கினால் 29 வாட் அவர். உங்கள் போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் அவர். போன் தனக்குள் ஏற்றிக்கொள்ளும்போதும் பத்துப் பதினைந்து சதவீதம் போகும். ஆக, சுமார் 1.3 முறை ஏறும். இதே 10000-இல் ரேட்டட் 6500 என்று போட்டது கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் தகும். அந்த வரியே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தினசரி ஆபீஸ் பைக்கு 10000 போதும். 20000 என்றால் 350 முதல் 450 கிராம் கனம். அதைத் திரும்ப ஏற்றுவதும் பெரும்பாடு: இன்புட் 10 வாட் மட்டும் என்றால் ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். 18 வாட் இன்புட் உள்ள 10000 மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அவுட்புட்டை மட்டும் பார்த்துவிட்டு இன்புட்டைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

டைப்சி:
22.5 வாட் விஷயம். பெரும்பாலான மாடல்களில் அது பழைய பெரிய யூஎஸ்பி-ஏ துளைக்கு மட்டும், அதுவும் அந்த வேக முறை தெரிந்த போனுக்கு மட்டும். டைப்-சி துளையில் வழக்கமாக 18 அல்லது 20 வாட் "பிடி" (பவர் டெலிவரி என்ற பொது வேக சார்ஜிங் முறை). 67 வாட் மாதிரியான வேகம் அந்தந்தக் கம்பெனி சார்ஜரோடும் கேபிளோடும்தான் வரும். பவர் பேங்கில் போட்டால் போன் பொது முறைக்கு இறங்கி, மாடலைப் பொறுத்து 10 முதல் 18 வாட்தான் வாங்கும். எனவே 45, 65 வாட் பவர் பேங்குக்கு இந்தப் போனுக்காகச் செலவழிக்க வேண்டாம். லேப்டாப்பும் ஏற்றுவதாக இருந்தால் வேறு கதை. சாம்சங்கின் 25 வாட் வேண்டுபவர்கள் மட்டும் "பிபிஎஸ்" (PPS, வோல்ட்டைப் போனுக்கு ஏற்றபடி நுணுக்கமாக மாற்றும் பிடி வகை) என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

இன்னொன்று: இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் செருகினால் பல மாடல்களில் மொத்தமே 5 வோல்ட் 3 ஆம்ப், அதாவது 15 வாட்டுக்கு இறங்கிவிடும்.

எடைபார்:
போலியைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசே போதும். 37 வாட் அவருக்குச் செல் மட்டுமே வழக்கமாக 150 கிராம் அளவுக்கு இருக்கும். கூடு, போர்டு சேர்த்து பெரும்பாலும் 180 முதல் 230 கிராம் வரும். 120 கிராமில் "10000" என்றால் உள்ளே அவ்வளவு செல் இல்லை. தெருவோரம் விற்கும் கையடக்க "50000" பவர் பேங்க் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை. "ஆர்-" என்று தொடங்கும் பதிவெண் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். மொபைல் சார்ஜருக்கு வாங்கிய எண்ணைப் பவர் பேங்கில் ஒட்டியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தயாரித்த மாதமும் வருஷமும் பாருங்கள்; ஒன்றரை வருஷம் கடையில் தூங்கிய லித்தியம் செல்லைத் தள்ளுபடிக்காக வாங்குவது நஷ்டம்.

கிழக்குத்தாம்பரம்:
தெளிவாகிவிட்டது, நன்றி. இயர்பட்ஸ் கேஸைப் பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்கிறார்களே? விமானத்தில் என்ன விதி?

டைப்சி:
இயர்பட்ஸ் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. லோ கரண்ட் மோட் உள்ளதாக வாங்குங்கள். பல மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் அது இயங்கும்.

விமானத்தில் 100 வாட் அவர் வரை அனுமதி தேவையில்லை; 10000-உம் 20000-உம் (74 வாட் அவர்) அதற்குள் அடக்கம். ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கால் போனை ஏற்றவும் கூடாது, சீட் யூஎஸ்பியில் பவர் பேங்கை ஏற்றவும் கூடாது. வாட் அவர் அச்சு அழிந்திருந்தால் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அந்த எழுத்து ஸ்டிக்கராக இல்லாமல் கூட்டிலேயே அச்சான மாடலாகப் பாருங்கள்.