அமெரிக்காவுல ஸ்கூல், ரோடு மாதிரி கவர்மென்ட் கட்டட வேலைக்கு போறவங்க சேர்றதுக்கு முன்னாடி இதை படிங்க

நாகர்கோவில் பக்கத்து தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். அக்கா ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டுல மிஷிகன் வந்து 3 மாசம் ஆச்சாம், சவுதில 9 வருஷம் இன்டீரியர் வேலை பார்த்திருக்கார், இப்ப ஒரு காண்ட்ராக்டர் ஸ்கூல் பில்டிங் வேலைக்கு கூப்பிடுறார், மணிக்கு எவ்ளோ கேக்கலாம்னு.

தம்பி, நீங்க கேக்க வேண்டியதே இல்ல, அது ஏற்கனவே எழுதி வச்சிருக்கும். மிஷிகன்ல வரிப்பணத்துல கட்டுற கட்டடம்னா அந்த கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கார்ப்பென்டருக்கு இவ்ளோ, பெயின்ட்டருக்கு இவ்ளோ, லேபரருக்கு இவ்ளோனு குறைஞ்சபட்ச கூலி உண்டு, ப்ரிவெய்லிங் வேஜ்னு சொல்வாங்க. ஐடி ஆளுங்க இதை ஹெச்1பி பேப்பர்ல வர்ற ப்ரிவெய்லிங் வேஜோட போட்டு குழப்பிக்குவாங்க, பேரு ஒண்ணுதான், சட்டம் வேற.

இதுல ரெண்டு அடுக்கு இருக்கு. ஃபெடரல் காசுல நடக்குற வேலைக்கு டேவிஸ்-பேக்கன் சட்டம், 1931ல வந்தது, 2,000 டாலருக்கு மேல காண்ட்ராக்ட்னாலே பொருந்தும், சம்பளம் வாராவாரம் குடுத்தாகணும். ஸ்டேட் காசுல நடக்குற வேலைக்கு அந்தந்த ஸ்டேட் சட்டம், அது இருக்கற ஸ்டேட்டும் இருக்கு இல்லாத ஸ்டேட்டும் இருக்கு, அதுலதான் நம்மாளுங்க மாட்டுறாங்க.

மிஷிகன்லயே பாருங்க. இங்க 1965ல இருந்து சட்டம் இருந்துச்சு. காண்ட்ராக்டர் சங்கம் முன்ன நின்னு கையெழுத்து வாங்கி மனு போட்டு, 2018 ஜூன்ல ஸ்டேட் தலைநகர் லான்சிங்ல ஓட்டெடுப்பு, செனட்ல 23க்கு 14, ஹவுஸ்ல 56க்கு 53, அவ்ளோதான், 53 வருஷ சட்டம் ஒரே நாள்ல போச்சு. அப்ப கவர்னரா இருந்த ரிக் ஸ்னைடர் ரிபப்ளிகன்தான், அவருக்கே இதுல இஷ்டமில்ல, ஆனா மக்கள் மனு மூலமா வந்த சட்டத்துக்கு கவர்னர் கையெழுத்து தேவையில்லைங்கறதால அவரால தடுக்க முடியல. அப்புறம் 2023 மார்ச்ல அடுத்த கவர்னர் விட்மர் கையெழுத்து போட்டு திரும்ப கொண்டு வந்தாங்க, 2024 பிப்ரவரி 13ல இருந்து அமலுக்கு வந்துச்சு. பார்டர் தாண்டி இண்டியானா போனீங்கன்னா 2015லயே எடுத்தது எடுத்ததுதான். வெஸ்ட் வர்ஜீனியால 2016, கென்டக்கி, ஆர்கன்சா, விஸ்கான்சின்லாம் 2017. இலினாய்ல இருக்கு. அதனால வேற ஸ்டேட்ல இருக்கற மச்சான் சொல்ற ரேட்டை வச்சு உங்க ரேட்டை முடிவு பண்ணாதீங்க.

ஏன் எடுக்கறாங்கன்னா, கூலி குறைஞ்சா ஸ்கூல் கட்டுற செலவு குறையும், வரி கட்டுறவனுக்கு லாபம்னு சொல்வாங்க. ஆனா இண்டியானால சட்டத்தை எடுத்த ரிபப்ளிகன் கட்சியோட எம்எல்ஏ மாதிரி பதவில இருந்த எட் சொலிடேவே 2017ல, இதை எடுத்ததுல ஒரு பைசா மிச்சமாகலனு வெளிப்படையா சொன்னார். நான் சைட்ல நின்னு பார்த்தவன், கூலில குறைஞ்ச காசு எங்க போச்சுனு எனக்கு தெரியல, எங்க பாக்கெட்டுக்கு வரல அது மட்டும் தெரியும்.

டேவிஸ்-பேக்கன் சட்டத்தோட பிறப்புலயும் ஒரு கறை இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. நியூயார்க் லாங் ஐலண்ட்ல படைவீரர் ஆஸ்பத்திரி கட்ட அலபாமா காண்ட்ராக்டர் கம்மி கூலிக்கு ஆள் கூட்டிட்டு வந்தான்னுதான் நியூயார்க் எம்பி ராபர்ட் பேக்கன் மசோதா கொண்டு வந்தார், அப்படி வந்தவங்க கறுப்பினத்தவங்க, சபையில அன்னைக்கு சில பேர் பேசினது கேவலமான பேச்சு. சட்டத்தை ஒழிக்கணும்ங்கறவங்க இன்னைக்கும் இதை எடுத்து காட்டுவாங்க. ஆனா இன்னைக்கு சைட்ல மாட்டி வைக்கற கூலி பேப்பர்ல இருக்கற ரேட் கறுப்பருக்கும் மெக்சிகன்காரருக்கும் நமக்கும் ஒரே ரேட்தான், அதனாலதான் நான் இதை விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஃபெடரல் சட்டமும் நிலையானதுனு நினைக்காதீங்க. கத்ரீனா புயலுக்கு அப்புறம் 2005 செப்டம்பர்ல ஜார்ஜ் புஷ் புயல் அடிச்ச பகுதிகளுக்கு அதை நிறுத்தி வச்சார், வீடு இழந்த ஜனங்களே அந்த கம்மி கூலிக்கு வேலை பார்க்கற நிலைமை, அவர் கட்சிக்குள்ளயே எதிர்ப்பு வந்து நவம்பர்ல திரும்ப குடுத்தார். யூட்டா செனட்டர் மைக் லீ இதை மொத்தமா ரத்து பண்ண திரும்பத் திரும்ப மசோதா போட்டிருக்கார்.

இப்ப என் கதை. 2017ல ஒரு ஸ்கூல் வேலை, நான் காலைல 6 மணிக்கு போய் மெட்டல் ஸ்டட் அடிச்சு டிரைவால் ஏத்துறேன், சுத்தமான கார்ப்பென்டர் வேலை, ஆனா பே ஸ்டப்ல, அதான் சம்பள சீட்டுல, லேபரர்னு இருக்கு. ஊர்ல கொத்தனார் வேலை வாங்கிட்டு சித்தாள் கூலி குடுக்கறதுதான் இது. சைட் ஆபீஸ் ட்ரெய்லர் வாசல்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள கூலி பேப்பர் தொங்குது, நான் 4 மாசமா அதுக்கு பக்கத்துலயே நின்னு காபி குடிச்சிருக்கேன், ஒரு நாள் கூட படிக்கல. மெக்சிகன் பெரியவர் ஒருத்தர்தான் விரலை வச்சு காட்டினார், கார்ப்பென்டர் லைன்ல பேஸ் ரேட், பக்கத்துல ஃப்ரிஞ்ச்னு தனி காசு. வீட்ல வந்து கணக்கு போட்டதும் எனக்கு தூக்கமே வரல. கம்ப்ளெயின்ட் குடுத்தேன், ஆனா எந்த நாள் என்ன வேலை பார்த்தேன்னு என்கிட்ட எழுத்து இல்ல, போன்ல போட்டோ இருந்த 5 வாரத்துக்குதான் காசு திரும்ப வந்துச்சு. 2019ல அதே மாதிரி இன்னொரு ஸ்கூலுக்கு போனப்ப அந்த பேப்பரே இல்ல, சட்டம் போயிருச்சுல்ல, கேக்க வாயும் இல்ல.

அதனால தம்பி, சேர்றதுக்கு முன்னாடி காண்ட்ராக்டர்கிட்ட இது ப்ரிவெய்லிங் வேஜ் ஜாப்பானு நேரா கேளுங்க, மழுப்பினா அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல கேளுங்க. ஒரு சின்ன நோட்டு வாங்கி தினமும் தேதி, மணி, என்ன வேலைனு தமிழ்லயே எழுதுங்க. ஃப்ரிஞ்ச் காசை இன்சூரன்ஸ், பென்ஷன்ல போடலாம் இல்ல கைல குடுக்கலாம், ரெண்டும் இல்லாம காணாம போகக் கூடாது. அப்ரென்டிஸ், அதான் வேலை பழகுற ஆள்னு சொல்லி குறைச்சு குடுத்தா, முறையா பதிவு பண்ணின அப்ரென்டிஸ் ப்ரோகிராம் பேரை கேளுங்க, அது இல்லன்னா முழு ரேட்தான். செக்ல முழுசா போட்டுட்டு பாதியை கைல திருப்பி குடுனு கேட்டா சம்மதிக்காதீங்க, ஃபெடரல் வேலைல அது கிரிமினல் குற்றம், 1934லயே சட்டம் போட்டுட்டாங்க.

திங்கக்கிழமை சைட்டுக்கு போனதும் முதல்ல அந்த கூலி பேப்பரை போட்டோ எடுங்க. முதல் பே ஸ்டப் வந்ததும் பேரு, நம்பர்லாம் மறைச்சிட்டு ரெண்டையும் இங்க போடுங்க, ராத்திரி 8 மணிக்கு மேல நான் ஃப்ரீதான், லைன் லைனா சேர்ந்து பார்ப்போம்.