புது டேக்டவுன் ரிகர்வ்: சத்தம், மணிக்கட்டில் நாண் அடி, இடப்பக்கம் போகும் அம்பு

புதுநாண்:

வணக்கம். ரொம்ப நாளா ஆசைப்பட்ட மர ரைசர் டேக்டவுன் ரிகர்வ் (கைப்பிடித் துண்டான ரைசரிலிருந்து, வளையும் இரண்டு லிம்பையும் கழற்றக்கூடிய, முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) கைக்கு வந்தாச்சு. நீளம் 62 அங்குலம். லிம்பில் 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு என்று எழுதியிருக்கு. எனக்கு வலக்கை, இழுப்பு 27 அங்குலம், அம்பின் நாக் (நாணைக் கவ்வும் வால்முனை) மேல் ஒரு விரல், கீழே இரண்டு விரல். வில்லோடு வந்த டேக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண்தான் போட்டிருக்கேன். ரெஸ்ட் (அம்பு தாங்கி) ஒட்டாமல், ரைசரிலேயே வெட்டியிருக்கும் ஷெல்ஃபில் அம்பை வைத்தே எய்யணும்.

விட்டதும் "டங்" என்று பெரிய சத்தம், கையில் அதிர்வு. நாண் மணிக்கட்டில் அடிக்குது. அம்பு வாலை ஆட்டிக்கிட்டு இடப்பக்கம் போகுது. அம்புகள் ரெஸ்ட் வைத்த வில்லுக்கு வாங்கியவை: 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்; எண் கூடினால் விறைப்பு குறைவு) கார்பன், 28.5 அங்குலம், 100 கிரெய்ன் (சிறு எடை அலகு) முனை, இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் வேன். பிரேஸ் ஹைட் (நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) அளந்தால் 6¾ அங்குலம் வருது. நாக் பாயிண்ட் (நாக் பொருந்தும் இடத்தைக் காட்ட நாணில் போடும் கட்டு) இன்னும் கட்டலை. எதிலிருந்து ஆரம்பிக்கணும்? லிம்ப் போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம்?

கருவேல்:

வாழ்த்துகள் நண்பரே. வில்லில் குறை எதுவும் இல்லாமலேகூட இத்தனையும் வரும். ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் லிம்ப் பொருத்தம், அடுத்து பிரேஸ் ஹைட், பிறகு நாக் பாயிண்ட், கடைசியில்தான் அம்பு. பிரேஸ் ஹைட்டை மாற்றினால் மற்ற எல்லா அளவும் நகர்ந்துவிடும்.

நாணை இறக்கி, இரண்டு லிம்பையும் கழற்றுங்கள். ரைசரில் லிம்ப் உட்காரும் பாக்கெட்டில் மரத்தூளோ மணலோ இருந்தால் துணியால் துடையுங்கள். சிறு துகள் ஒன்று கிடந்தாலும் லிம்ப் சாய்ந்து உட்காரும். அலைன்மென்ட் பின் துளைக்குள் முழுதாக இறங்கிய பிறகே போல்ட்டைத் தொடுங்கள். விரலால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவு போதும். லிம்பைத் தாங்குவது பாக்கெட்டின் வடிவமும் நாணின் இழுப்பும்தான். போல்ட் அதைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கிறது. நீள சாவி போட்டு நெரித்தால் மரத்துக்குள் இருக்கும் புஷிங் (போல்ட் இறங்கும் உலோக உறை) நகரும், வார்னிஷுக்கு அடியில் முடி போல விரிசல் தொடங்கும். நாண் ஏறியிருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தவே கூடாது.

நாணேற்ற ஸ்ட்ரிங்கர் கயிறு கட்டாயம். காலுக்குள் வில்லை விட்டு வளைக்கும் முறையில் லிம்ப் பக்கவாட்டில் முறுகும். ரிகர்வில் அந்த முறுக்கு அப்படியே தங்கிவிடும். நாணின் பெரிய கண்ணி மேல் லிம்புக்கு, சின்னது கீழ் லிம்புக்கு. கயிற்றைக் காலால் மிதித்து ரைசரைத் தூக்கி மேல் கண்ணியைப் பள்ளத்தில் ஏற்றியதும், இரண்டு முனையையும் கண்ணால் பார்த்த பிறகே மெதுவாகத் தளர்த்துங்கள். இந்த நேரத்தில் முகத்தை லிம்பின் பாதைக்கு வெளியே வைத்திருங்கள்.

ஏற்றிய வில்லை நாண் பக்கமிருந்து பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் ரைசரின் நடுவிலும் ஒரே கோடாக ஓடவேண்டும். ஒரு முனையில் மட்டும் பள்ளத்தை விட்டு விலகினால் அந்த லிம்பை மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். அப்படியும் விலகினால் லிம்ப் முறுகியிருக்கிறது. புது வில்லில் அதைச் சூடுகாட்டி நேராக்க முயலாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். சூடு மிஞ்சினால் பைபர்கிளாஸும் மரமும் ஒட்டிய பசை விட்டுப்போகும்.

இனி பிரேஸ் ஹைட். 62 அங்குல ரிகர்வுக்குப் பெரும்பாலும் 7½ முதல் 8¼ அங்குலம். நீங்கள் 6¾-இல் இருப்பதால் நாண் கூடுதல் தூரம் முன்னால் வந்து மணிக்கட்டைத் தொடுகிறது. சத்தமும் அதனால்தான் கூடுகிறது. நாணை இறக்கி, ஒரு கண்ணியைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே ஐந்து சுற்று கூட்டுங்கள். ஏற்றி அளந்து பத்து அம்பு விட்டுக் கேளுங்கள். சத்தம் "டங்"கிலிருந்து "தும்" என்று அடங்கும் ஓர் இடம் வரும், அதுதான் உங்கள் வில்லின் அளவு. டேக்ரான் முதல் சில நாள் நீளும், அதனால் தினமும் எய்யும் முன் அளக்கவேண்டும். நாண் கயிறு போலத் திரண்டு சுருண்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது, சற்றே குட்டையான நாண் வாங்குங்கள். 62 என்று விற்கும் நாணின் உண்மை நீளம் சுமார் 58 அங்குலம்தான், அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

இறகுக்கட்டு:

கருவேல் சொன்னதை முடித்த பிறகு இதற்கு வாங்க. அந்த பிளாஸ்டிக் வேனை முதலில் எடுத்துடுங்க. ஷெல்ஃபில் இறகுதான் மடங்கி வழிவிடும். பிளாஸ்டிக் மடங்காமல் முட்டி அம்பின் வாலை வெளியே தள்ளும். நாலு அல்லது ஐந்து அங்குல இறகு மூன்று, எல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததா இருக்கணும்.

500 ஸ்பைன் இந்த வில்லுக்கு விறைப்பு. 27 அங்குலத்தில் உங்க கையில் வருவது ஏறக்குறைய 42, 43 பவுண்டுதான். கடைசி அங்குலங்களில் ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 2½ பவுண்டு குறையும். அதோட மர ரைசரில் ஷெல்ஃப் பெரும்பாலும் நடுக்கோடு வரை வெட்டியிருக்காது, அம்பு தொடக்கத்திலேயே கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அது வளைந்து ரைசரைச் சுற்றிப் போகணும்னா மெலிந்த, அதாவது எளிதில் வளையும், தண்டு வேணும். விறைத்த தண்டு வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்தான் போகும். டஜன் வாங்காதீங்க. 600 ஸ்பைனில் வெட்டாத முழுநீளத் தண்டு ரெண்டு, 125, 145, 175 கிரெய்ன் முனைகள் கொஞ்சம், இது போதும் சோதிக்க.

நாக் பாயிண்டை நாணில் ஷெல்ஃப் மட்டத்துக்கு மேல் 16 மில்லிமீட்டரில் கட்டிட்டு அங்கிருந்து இறங்கி வாங்க. தாழ்வா ஆரம்பிச்சா அம்பு ஷெல்ஃபில் மோதி வால் மேலே துள்ளும்; அதைப் பார்த்து "நாக் உயரம்"னு நினைச்சு இன்னும் தாழ்த்துவாங்க, தப்பு பெருகும். நாக் நாணில் மெல்லக் கவ்வணும். அம்பைத் தொங்கவிட்டு நாணை விரலால் தட்டினா விழுந்துடணும். விழலைன்னா இறுக்கம், அதுவே வாலை ஆட்டும்.

பிறகு பத்து மீட்டரில் இறகுள்ள அம்பு மூணு, இறகில்லாத அம்பு ஒண்ணு, எல்லாம் ஒரே புள்ளிக்கு. இறகில்லாதது கீழே விழுந்தா நாக் பாயிண்டைத் தாழ்த்துங்க, மேலே போனா உயர்த்துங்க. இது சரியான பிறகுதான் இடம் வலம் பார்க்கணும்: இறகில்லாதது இடப்பக்கம் போனா விறைப்பு, முனை எடையைக் கூட்டுங்க. வலப்பக்கம் போனா மெலிவு, முனை எடையைக் குறைங்க, அல்லது தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமா வெட்டுங்க. முழு இழுப்பில் தண்டு ரைசருக்கு முன்னால் ஒரு அங்குலமாவது நீண்டிருக்கணும், அதுக்குக் குறைச்சு வெட்டவே கூடாது.

மொத்த எடையையும் பாருங்க. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 8 கிரெய்னுக்குக் கீழே போகாதீங்க, 9 அல்லது 10 இருந்தா வில்லுக்கு நல்லது. உங்க 43 பவுண்டுக்கு 390 முதல் 430 கிரெய்ன். லேசான அம்பு வாங்காத சக்தியை லிம்பும் ரைசரும் வாங்கும். அம்பில்லாமல் நாணை விடக்கூடாதுன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

மூன்றாம்விரல்:

இருவர் சொன்னதும் சரி, ஆனால் முதலில் எடுத்துப் பேசவேண்டியது 45 பவுண்டு. முழு இழுப்பில் தாடையில் கையை நிறுத்தி, தோள் உயராமல், ஐந்து விநாடி அசையாமல் வைக்க முடிகிறதா? இருபதாவது அம்பிலும் முடிகிறதா? முடியவில்லை என்றால் நாணை விடும்போது விரல்கள் பிடுங்கும், ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு விதமாகக் கிளம்பும். அந்த நிலையில் இறகில்லா அம்புச் சோதனை உங்கள் நடுக்கத்தைத்தான் அளக்கும், ஸ்பைனை அல்ல.

டேக்டவுனின் பெரிய வசதியே இங்குதான். அதே ரைசருக்கு அதே தயாரிப்பாளரின் 30 அல்லது 35 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி வாங்கிப் பயிலுங்கள். நீளம் ஒன்றே என்பதால் அதே நாண் பொருந்தும். பிரேஸ் ஹைட்டை மட்டும் மறுபடி அளக்கவேண்டும். அந்த லிம்புக்கு 600-உம் விறைப்பாகத்தான் இருக்கும், 700 அல்லது 800 தேடவேண்டிவரும்.

மணிக்கட்டு அடிக்குப் பிரேஸ் ஹைட் மட்டும் காரணமாக இருக்காது. கைப்பிடியை உள்ளங்கைக்குக் குறுக்கே இறுகப் பிடித்தால் மணிக்கட்டு நாணின் பாதைக்குள் வந்துவிடும். அழுத்தம் கட்டைவிரல் அடிச்சதையில் மட்டும் இருக்கட்டும், விரல் முட்டிகள் 45 பாகைக்குச் சாயட்டும், முழங்கையின் மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பட்டும்.

புதுநாண்:

மிக்க நன்றி. 18 சுற்று கூட்டியதில் 7¾ வந்தது, மணிக்கட்டு அடி நின்றது. சத்தம் பாதி குறைந்தது, அதிர்வு மட்டும் இருக்கு. லிம்ப் ரைசரைச் சந்திக்கும் இடத்திலிருந்து நாணுக்கு நேர்க்குத்தாக அளந்தேன்: மேலே 180, கீழே 184 மில்லிமீட்டர். இது சரியா?

கருவேல்:

தலைகீழ். ஒரு விரல் மேல், இரண்டு விரல் கீழ் பிடிப்புக்கு மேல் அளவுதான் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கவேண்டும். லிம்ப் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அளவு எழுதிய லிம்ப் பெரும்பாலும் கீழ் லிம்ப். உங்களுடையதில் எழுத்து எங்கே இருக்கிறது பாருங்கள். மாற்றிப் போட்டு மறுபடி அளந்தால் 4 மில்லிமீட்டர் மேல் பக்கம் வந்துவிடும். இரண்டு லிம்பும் ஒரே நேரத்தில் நிற்காததால் வரும் அதிர்வு அது. இதைத் திருத்தாமல் நாக் பாயிண்டைத் தேடினால் எந்த உயரத்திலும் நிலைக்காது.

மிச்சச் சத்தத்துக்கு நாணில் கம்பளிக் குஞ்சம் இரண்டு போதும்: மேல் முனையிலிருந்து நாண் நீளத்தில் கால் பங்கில் ஒன்று, கீழ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் மற்றொன்று. சமதூரத்தில் கட்டினால் பலன் குறையும்.

புதுநாண்:

எழுத்துள்ள லிம்ப் மேலேதான் இருந்தது. மாற்றிப் போட்டேன், மேலே 184, கீழே 180. இப்போ "தும்" கேட்குது.