ஞாயிறு நிச்சயதார்த்தமும் வெள்ளை மணலும்

கமலா: தொட்டியில் இன்று காலையும் நான்கு மீன்கள் மிதக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் வந்து உட்காரும்போது இதுவா கண்ணில் பட வேண்டும்? யாராவது வழி சொல்லுங்கள்.

தேவி: அண்ணி, போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா தொட்டி முன்னால் நின்று "எவ்வளவு அழகு" என்றாரே, அப்போதே நினைத்தேன். கண்ணேறுதான். மிளகாய் சுற்றிப் போடுங்கள்.

நித்யா: அத்தை, நேற்று பிரகாஷை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டேன்.

தேவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மூர்த்தி: 😂😂

பிரகாஷ்: அனைவருக்கும் வணக்கம்.

கமலா: வணக்கம் தம்பி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மூர்த்தி: ரோஸ் ஹில் பக்கம் குழாய்த் தண்ணீரில் ஏதோ கலந்திருப்பதாக யாரோ அனுப்பினார்கள். அதுவாக இருக்கும்.

ராஜன்: ஆதாரமில்லாமல் எதையும் பரப்பாதே. குழாய்த் தண்ணீர்தான் காரணமென்றால் எல்லா மீன்களும் அல்லவா செத்திருக்க வேண்டும்? குமரா, செத்தவை எந்த வகை?

குமரன்: நியான் டெட்ரா மட்டும். கப்பிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, பெரிய மாமா.

ராஜன்: அடியில் புதிதாக என்ன போட்டாய்?

குமரன்: பழைய கருங்கல் சில்லை எடுத்துவிட்டு வெள்ளை மணல். விழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று. சின்ன மாமாவின் காம்ப்மானிலிருந்து, அந்தக் கடற்கரை வீட்டிலிருந்துதான், இரண்டு மூட்டை.

கமலா: அப்பாவின் காம்ப்மான்.

மூர்த்தி: ஆரம்பித்துவிட்டாயா அக்கா. மணலையும் பங்கு போட வேண்டுமா?

ராஜன்: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை மணலை எடுத்தீர்களா? லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உட்பட்ட கரையோரக் கடலில், மணல் அள்ளுவதையே 2001இல் தடை செய்துவிட்டார்கள், தெரியுமல்லவா?

மூர்த்தி: கடற்கரையில் யார் தொட்டது? அப்பா காலத்திலிருந்து கொல்லையில் குவிந்து கிடக்கும் மணல்.

ராஜன்: சரி. எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். நம் மொரீஷியஸ் எரிமலைத் தீவு. மலையும் ஆற்றுக் கல்லும் கருங்கல். அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது, தண்ணீரை மாற்றாது. கடற்கரையின் வெள்ளை மணல் வேறு சங்கதி. அது பவளமும் சிப்பியும் பொடிந்தது, அதாவது கால்சியம் கார்பனேட். மீன் மூச்சுவிடும்போது வரும் கரியமில வாயு தண்ணீரில் கலந்து லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த கால்சியத்தால் பொதுக் கடினத்தன்மை ஏறும், பைகார்பனேட்டால் கார்பனேட் கடினத்தன்மை ஏறும், பின்னாலேயே அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணும் 8ஐத் தாண்டும். நியான் அமேசான் பக்கத்து மீன். அங்கே தண்ணீர் மென்மையானது, சற்று அமிலத்தன்மை உள்ளது. கப்பிக்குக் கடின நீர்தான் பிடிக்கும். அதனால்தான் அது சுகமாக இருக்கிறது.

தேவி: 🙏

மூர்த்தி: அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார் என்று யார் சொன்னது?

ராஜன்: குமரா, ஒரு பிடி மணலைக் காயவைத்து அதன்மேல் வினிகர் விடு. நுரைக்கிறதா பார்.

நித்யா: அம்மா, வாழை இலை எத்தனை? ஏழு கறி என்றால் சின்ன இலை போதாது.

கமலா: அறுபது. மூர்த்தி கொண்டுவருவான்.

குமரன்: (படம்) பொங்குகிறது மாமா. பிஎச் பட்டையும் பார்த்தேன், 8.2. முன்பு 6.8 இருந்தது.

ராஜன்: பிஎச் ஓர் எண் ஏறினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். ஆனால் அது மட்டும் இவ்வளவு வேகமாகக் கொன்றிருக்காது. பழைய சில்லை மொத்தமாக எடுத்தாயே, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவில் பெரும்பங்கு அதில்தான் ஒட்டியிருந்தது. அது போனதால் அம்மோனியா தங்கிவிட்டது. பிஎச் 6.8இல் அதில் நூற்றுக்கு அரைப் பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. 8.2இல் எட்டு, ஒன்பது பங்கு. இதுதான் என் கணிப்பு.

தேவி: புளிப்பு சேர்த்தால் இறங்கும் அல்லவா? எலுமிச்சம்பழம் பிழியலாமே, திருஷ்டிக்கும் ஆகும்.

ராஜன்: வேண்டவே வேண்டாம். மணல் இருக்கும்வரை சற்று இறங்கி மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும்.

பிரகாஷ்: மாமா, எங்கள் வீட்டுத் தொட்டியில் மரக்கட்டை போட்டிருக்கிறோம். அது இறக்காதா?

ராஜன்: நல்ல கேள்வி. மரத்திலிருந்து கசியும் டானினுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. ஆனால் இரண்டு மூட்டைப் பவள மணலோடு அதனால் போட்டியிட முடியாது.

மூர்த்தி: மாப்பிள்ளை தேறிவிட்டார்.

கமலா: சரி, நான் என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள் அண்ணா.

ராஜன்: தீனியை நிறுத்து. குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் கால் பங்கு மாற்று. வடிகட்டியின் பஞ்சைக் குழாயில் கழுவாதே, மிச்ச பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. மணலைக் குழாய் வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்துப் பழைய சில்லைப் போடுங்கள்.

குமரன்: பழைய சில்லைச் சின்ன மாமா தன் வாசலில் கொட்டிவிட்டார்.

கமலா: அதுவும் அங்கேயா!

மூர்த்தி: சும்மா கிடந்ததை எடுத்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். முடிந்தால்.

நித்யா: அல்லது நியானை விட்டுவிட்டுக் கப்பிகளோடு மணலையே வைத்துக்கொள்ளலாமே. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ராஜன்: அதுவும் சரிதான். ஆனால் மிச்ச நியானை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரகாஷ்: எங்கள் தொட்டிக்குத் தரலாம். அம்மாவுக்குப் பிடிக்கும்.

தேவி: 😶

கமலா: யோசித்துச் சொல்கிறேன். மூர்த்தி, இலை?

மூர்த்தி: எந்த இலை?

தேவி: அண்ணி, இவர் ஒப்புக்கொண்டது தீபாவளிக்கு.

பிரகாஷ்: ஞாயிறு மாலை 5 மணிதானே? அப்பா எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

கமலா: ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் தம்பி!

நித்யா: பிரகாஷ், தனியாக அழைக்கிறேன்.

ராஜன்: குமரா, பட்டையில் கார்பனேட் கடினத்தன்மைக்கும் ஒரு கட்டம் இருக்குமே. எவ்வளவு காட்டுகிறது?