பழைய ஸ்வெட்டர் பேட்டர்ன் அட்டைல இருக்கறவங்க ஏன் இப்படி போஸ் குடுக்கறாங்க?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா பழைய பிரிட்டிஷ் பின்னல் பேட்டர்ன்கள, அதாவது ஸ்வெட்டர் எப்படி பின்னணும்னு சொல்ற குறிப்புகள, தேடிப்பிடிச்சு பாத்துட்டு இருக்கேன், 1940கள்லேர்ந்து 70கள் வரைக்கும் வந்த சின்ன சின்ன லீஃப்லெட்டுங்க. பின்னணும்னுதான் எடுத்தேன், ஆனா முன்பக்க போட்டோவ பாத்து சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சதுதான் மிச்சம். ஒண்ணுல ரெண்டு ஆம்பளைங்க, ஒரே டிசைன் புல்லோவர், ஒருத்தர் எங்கயோ தூரத்துல கை காட்டறார், இன்னொருத்தர் அத பாக்காம வேற பக்கம் பாத்து பூரிச்சுப்போய் நிக்கறார், அங்க அப்படி என்னதான் இருக்குன்னு நமக்கு கடைசிவரைக்கும் தெரியாது. இன்னொண்ணுல முகம் மட்டும் தெரியற பலாக்ளாவா குல்லா போட்ட பொடியன், உலகமே தன் தலைமேல இருக்கற மாதிரி மொறைக்கறான். 70கள் பக்கம் வந்தா அப்பா, அம்மா, பிள்ளைங்க எல்லாரும் ஆரஞ்சும் பிரவுனுமா ஒரே கோடு போட்டு வரிசையா நிக்கறாங்க. வேணும்னே சிரிப்புக்காக எடுத்ததா இது? இல்ல நமக்குத்தான் இப்ப அப்படி தெரியுதா? இன்னொண்ணு, இத வெச்சு இப்ப பின்னினா ஒழுங்கா வருமா?

ஊசிமுனை:
வேணும்னு பண்ணதில்லீங்க, சிரிப்பே அதனாலதான் வருது. இந்த லீஃப்லெட்ட போட்டது பெரும்பாலும் நூல் கம்பெனிங்கதான், பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ், சர்டார் மாதிரி. பேட்டர்ன சில்லறை காசுக்கு குடுத்துட்டு நூல விக்கறதுதான் அவங்க வியாபாரம். இப்ப பின்றவங்க பக்கத்துலேர்ந்து யோசிச்சு பாருங்க, அவங்க கைல இருக்கறது அந்த ஒரு போட்டோ மட்டும்தான், காலர் எப்படி உக்காருது, தோள்ல தையல் எங்க வருது, இடுப்புல ரிப் (இழுத்தா விரியற ஓரப் பட்டை) எவ்ளோ உயரம், பட்டன் எத்தனை, எல்லாமே அதுலதான் தெரியணும். அதனால மாடல் கைய மார்புக்கு குறுக்க கட்ட முடியாது, உடம்போட ஒட்டியும் வெக்க முடியாது, ஸ்லீவ் வடிவம் மறைஞ்சிடும். சரி அந்த கைய என்னதான் பண்றது? புகை பிடிக்கற பைப்ப குடுத்தாங்க, கோல்ஃப் மட்டைய குடுத்தாங்க, படகு கயிற குடுத்தாங்க, ஒண்ணும் கிடைக்கலன்னா தூரத்துல கை காட்ட சொல்லிட்டாங்க. நீங்க சொன்ன அட்டைல நிக்கற அந்த ரெண்டு ஆம்பளைங்க கதையும் அதேதான்னு நெனக்கறேன். ஒரே பேட்டர்ன்ல வீ கழுத்து ஒண்ணு, முன்பக்கம் திறந்து பட்டன் போடற கார்டிகன் ஒண்ணுன்னு ரெண்டு விதம் இருக்கும், ரெண்டையும் ஒரே அட்டைல காட்டியாகணும், ஒருத்தர ஒருத்தர் மறைக்கவும் கூடாது, அப்போ ஒரே படத்துல சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் நிப்பாங்க.

கம்பளிக்காரி:
ஊசிமுனை சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஆம்பளைங்க ஸ்வெட்டர்தான், ஆனா அந்த போட்டோ ஆம்பளைங்களுக்காக எடுத்தது இல்ல, பின்னப்போற அம்மாவுக்கும் மனைவிக்கும் எடுத்தது. அதனாலதான் அத்தனை பேரும் தலைய படிய வாரி, சொன்ன பேச்ச கேக்கற பையன் முகத்தோட இருக்காங்க, மலை ஏறப்போறவர்கூட அப்பதான் குளிச்சு பவுடர் போட்டு வந்தாப்ல இருப்பார். எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான். ஜேம்ஸ் பாண்டா நடிச்ச ரோஜர் மூர் தெரியும்ல, அவரு பேர் வாங்கறதுக்கு முன்னாடி 1950கள் ஆரம்பத்துல இந்த மாதிரி ஸ்வெட்டருக்குத்தான் மாடலா நின்னுட்டு இருந்தார், அவருக்கு 'பிக் நிட்'னு, அதாவது 'பெரிய பின்னல்'னு, பட்டப்பேரே வெச்சாங்க. அந்த அட்டைகள இப்ப பாத்தா ஏதோ ரகசிய வேலைக்கு கார்டிகன மாட்டிக்கிட்டு கெளம்பற மாதிரியே இருக்கு, எடுத்தவர் கனவுலகூட நெனச்சிருக்க மாட்டார்.

பழங்கணக்கு:
போஸ பாத்து நானும் நல்லா சிரிப்பேன், ஆனா 40கள் அட்டைய பாக்கறப்ப துணியையும் கொஞ்சம் உத்து பாருங்க. 1941 ஜூன்லேர்ந்து 1949 மார்ச் வரைக்கும் பிரிட்டன்ல உடுப்புக்கு ரேஷன், பின்னல் நூலும் அதுல சேத்தி, 2 அவுன்ஸ் நூலுக்கு 1 கூப்பன். முதல் வருஷம் ஒரு ஆளுக்கு மொத்தமே 66 கூப்பன்தான், 8 அவுன்ஸ்ல ஒரு ஸ்வெட்டர் பின்னினா அதுல 4 போயிடும். அந்தக் காலத்து பெண்கள் ஸ்வெட்டர் ஏன் இடுப்போட நிக்குது, உடம்ப ஒட்டி இருக்குன்னா, ஃபேஷனும் உண்டு, நூல் மிச்சமும் உண்டு. பழைய ஸ்வெட்டர பிரிச்சு கழுவி காயவெச்சு அதே நூல்ல மறுபடி பின்னியிருக்காங்க, துண்டு நூல் தீரணும்னே பட்டை பட்டையா கலர் வெச்ச டிசைன்லாம் உண்டு. அப்படி பின்னத அவ்ளோ பெருமையா நிமிந்து போட்டுக்கிட்டு நிக்கற முகத்த பாக்கறப்ப எனக்கு சிரிப்போட மரியாதையும் சேந்தே வருது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1940கள் பேட்டர்ன் சிலத அவங்க இணையதளத்துலயே போட்டிருக்காங்க, தேடி பாருங்க.

முழு மனசோட சிரிக்கணும்னா 1930கள் கம்பளி நீச்சல் உடை பேட்டர்னுக்கு போங்க. கம்பளி தன் எடைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்த இழைக்குள்ளயே இழுத்துக்கும், அதுபோக பின்னல் கண்ணுக்குள்ள (நூல் வளையங்களுக்குள்ள) நிக்கற தண்ணி வேற, வெளிய வந்தா பாரம் தாங்காம முட்டிய பாத்து இறங்க ஆரம்பிச்சிடும். நான் பாத்த அட்டைல எல்லாம் மாடலுங்க மணல்லயும் பாறைலயும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, முடி நுனிகூட நனையல, ஒருத்தரும் தண்ணி பக்கம் போகல!

நாலுஇழை:
பின்ன முடியுமான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். தாராளமா முடியும், ஆனா ஊசி நம்பர்ல உஷாரா இருங்க. பழைய பிரிட்டிஷ் நம்பர் தலைகீழ், நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். 8னா 4 மிமீ, 10னா 3.25 மிமீ, 14னா 2 மிமீ. அமெரிக்க பேட்டர்ன்ல அதே 8 போட்டிருந்தா அது 5 மிமீ, அதனால பேட்டர்ன் எந்த நாட்டுதுன்னு மொதல்ல பாத்துடுங்க. அவுன்ஸ் 28 கிராம்னு வெச்சு நூல் கணக்கு போடுங்க, ஆனா எடைய மட்டும் நம்பாதீங்க, இப்போ வர்ற நூல் அதே எடைக்கு நீளம் கூடவோ குறையவோ இருக்கலாம். நெறைய பேட்டர்ன் ஒரே ஒரு சைஸ்தான் வரும், மார்பு 34 இன்ச்னு போட்டுட்டு அதோட விட்டுடுவாங்க, நம்ம அளவுக்கு நாமதான் கண்ணு எண்ணி கூட்டணும். உங்க ஆரஞ்சு பிரவுன் குடும்பம் அனேகமா அக்ரிலிக்தான், அந்த சமயத்துல விலை கம்மி, மெஷின்ல துவைக்கலாம், கண்ண பறிக்கற கலர்லாம் கிடைச்சுது, அதான் வீட்ல ஒருத்தரையும் விடல. எனக்கு அந்த அட்டைய பாத்தா ரொம்ப ஆசையா இருக்கு, எல்லாருக்கும் ஒண்ணா பின்னி முடிக்கறதுன்னா எவ்ளோ பொறுமை வேணும்!

நூல்கண்டு:
அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கைக்கு வேலை குடுக்கத்தான் பைப்புன்னு படிச்சதுலேர்ந்து எந்த அட்டைய எடுத்தாலும் மொதல்ல கையத்தான் பாக்கறேன், ஒருத்தர் கைல ஒரு டென்னிஸ் பந்து இருக்கு, மட்டை எங்கயும் இல்ல. முடிவு பண்ணிட்டேன், அந்த ரெண்டு பேர் புல்லோவரையே பின்னப்போறேன், கை காட்டறவர் போட்டிருக்கற வீ கழுத்து. பிரிட்டிஷ் பேட்டர்ன்தான், ஊசி 9னு போட்டிருக்கு. அப்போ 3.75 மிமீதானே?

நாலுஇழை:
ஆமாங்க, 3.75 தான். ரிப்புக்கு தனியா மெலிசு ஊசி நம்பர் குடுத்திருப்பாங்க, அதையும் பாத்துக்கோங்க. மொதல்ல ஒரு சதுரம் பின்னி இன்ச்சுக்கு எத்தனை கண்ணு வருதுன்னு எண்ணிட்டு ஆரம்பிங்க, முடிஞ்சதும் போட்டோ போடுங்க.