59-ஆ, 60-ஆ? 1884 பிராவிடன்ஸ் கிரேஸும் ராட்போர்னின் வெற்றிக் கணக்கும்

பழைய ஸ்கோர்புக்:
நேற்று வேறொரு இழையில் கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "1884-இல் ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் ஜெயித்தது 59 ஆட்டம். 60 என்பவர்களுக்குக் கூட்டல் தெரியாது." பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: ராட்போர்ன் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர்; அணியின் ஒவ்வொரு வெற்றியையும் ஒரு பிட்சர் பேரில் எழுதுவது வழக்கம். அந்த வரியைப் படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கூட்டல் தெரியும் ஐயா. 1884 ஜூலை 28, பிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டம். பிராவிடன்ஸ் கிரேஸ் 11, பிலடெல்ஃபியா 4. கிரேஸின் இன்னொரு பிட்சர் சைக்ளோன் மில்லர் முதல் ஐந்து இன்னிங்ஸ் வீசினார். அப்போது கிரேஸ் 3-4 என்று பின்தங்கியிருந்தது. மிச்ச நாலு இன்னிங்ஸ் ராட்போர்ன். எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. தோற்க இருந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது யார்? அதை அவர் பேரில் எழுதுங்கள், 60 வரும்.

கணக்குப்பிள்ளை:
முக்கால்வாசியைச் சொல்லிவிட்டு முக்கியமான காலை விழுங்கிவிட்டீர்கள் சார். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் மாறி மாறி பேட் பிடிக்கும்; ஆறாவது இன்னிங்ஸில் முதலில் பிடித்தது பிராவிடன்ஸ். நாலு ரன் அடித்து 7-4 என்று முன்னே போய்விட்டார்கள். அதுவரை ராட்போர்ன் ஒரு பந்துகூடப் போடவில்லை. கடைசிவரை கைவிடாத முன்னிலை வரும்போது யார் பிட்சரோ அவருக்குத்தான் வெற்றி என்பது விதி. அந்த முன்னிலை வந்தபோது பிட்சர் கணக்கில் இருந்தவர் மில்லர். வெற்றி மில்லருக்கு. 59.

பழைய ஸ்கோர்புக்:
அது 1950-இல் எழுதிய விதி. அதைக் கொண்டுபோய் 1884-இல் மாட்டுகிறீர்கள். அன்றைக்கு பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போக ஆறு 'பால்' (எல்லைக்கு வெளியே போகும் தவறான வீச்சு) வேண்டும், இன்றைக்கு நாலு போதும். அன்றைக்கு பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 50 அடி. 60 அடி 6 அங்குலம் 1893-இல்தான் வந்தது. இன்றைய விதிதான் சரி என்றால் அந்த சீசன் முழுவதையும் திரும்ப ஆடச் சொல்லுங்கள். அன்று நன்றாக வீசியவர் ராட்போர்ன் என்று ஸ்கோரர் அவர் பேரில் எழுதினார் என்பதுதான் வழிவழியாக வரும் செய்தி. 60.

மெஸ்ஸர் தெரு:
இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த அணி 84 ஜெயித்து 28 தோற்றது. இரண்டாவதாக வந்த பாஸ்டன் பத்தரை ஆட்டம் பின்னால். சென்டர் ஃபீல்டில் பால் ஹைன்ஸ், முதல் பேஸில் ஜோ ஸ்டார்ட், மூன்றாவதில் ஜெர்ரி டென்னி, இந்தப் பந்துகளையெல்லாம் வாங்கிய கேட்சர் பார்னி கில்லிகன். இவர்கள் பேரை இந்த இழையில் யாராவது சொன்னீர்களா? அணியின் இன்னொரு பிட்சர் சார்லி ஸ்வீனி பேரைச் சொன்னீர்களா? ஜூலைக்குள் 17 வெற்றி. ஜூன் 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டரை அடிக்கவிடாமல் பிட்சரே வீழ்த்துவது. 1986-இல் ரோஜர் கிளெமென்ஸ் 20 எடுக்கும்வரை, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதை ஒருவரும் தாண்டவில்லை.

பழைய ஸ்கோர்புக்:
ஸ்வீனியா! நீங்களே இழுத்துவிட்டீர்கள், இனி முழுவதும் கேளுங்கள். ஜூலை 22. குடித்துவிட்டுக் களத்துக்கு வந்தவர் ஸ்வீனி. ஏழாவது இன்னிங்ஸில் அணி 6-2 என்று முன்னால் இருக்கிறது. மேனேஜர் ஃப்ராங்க் பேங்க்ராஃப்ட், "மில்லர் வீசட்டும், நீ அவர் இடத்துக்குப் போய் நில்" என்றார். மாட்டேன் என்று சொல்லிக் களத்தை விட்டே போய்விட்டார். காயம் பட்டாலொழிய மாற்று ஆள் இறக்கக் கூடாது என்பது அன்றைய விதி. மீதி ஆட்டத்தை எட்டு பேர் ஆடி 6-10 என்று தோற்றார்கள். ஸ்வீனி நேராக யூனியன் அசோசியேஷன் என்ற போட்டி லீகுக்கு ஓடி செயின்ட் லூயிஸ் அணியில் சேர்ந்துகொண்டார். கிளப்பை மூடிவிடலாமா என்று பேசும் நிலைமை. "மிச்ச ஆட்டத்தையெல்லாம் நான் வீசுகிறேன்" என்று வந்து நின்றவர் ராட்போர்ன். அந்த மனுஷனிடமிருந்து ஒரு வெற்றியைப் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

மெஸ்ஸர் தெரு:
சும்மா வந்து நிற்கவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் அவரை கிளப் சஸ்பெண்ட் செய்திருந்தது. ஏன் என்று சொல்லுங்களேன். பாஸ்டனோடு ஆடும்போது கோபத்தில் வேண்டுமென்றே தாறுமாறாக வீசினார் என்றுதான். திரும்பி வரும்போதும் பேரம் பேசித்தான் வந்தார்: கூடுதல் சம்பளம், சீசன் முடிந்ததும் கிளப்பின் பிடியிலிருந்து விடுதலை. ஸ்வீனி செய்தால் துரோகம், உங்கள் ஆள் செய்தால் தியாகமா?

கணக்குப்பிள்ளை:
ஸ்வீனி இருக்கட்டும். ஜூலை 28-க்கு இன்னும் பதில் வரவில்லை. சமைத்தவர் ஒருவர், பரிமாறியவர் ஒருவர்; விருந்து வைத்த பேர் பரிமாறியவருக்கா? மில்லர்தான். 59.

பழைய ஸ்கோர்புக்:
பதில் வரவில்லையா? படிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மெஸ்ஸர் தெருவுக்கு முதலில். பேரம் பேசினார், ஆமாம். வீரனைக் கிளப் கட்டிப்போட்டு வைத்திருந்த காலத்தில் தன் உழைப்புக்கு விலை கேட்டதில் என்ன தப்பு? கேட்ட விலைக்கு என்ன கொடுத்தார் என்று பாருங்கள். அடுத்த 43 ஆட்டங்களில் 40-ஐத் தொடங்கி 36 ஜெயித்தார். அதில் 18 தொடர்ச்சியாக. சீசன் முழுவதும் 678 இன்னிங்ஸுக்கு மேல், 441 ஸ்ட்ரைக் அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.38 ரன் விட்ட சராசரி. தொடங்கிய 73 ஆட்டத்தையும் அவரே முடித்தார், ஒன்றைக்கூட இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. காலையில் தலை சீவக் கையைத் தூக்க முடியாதாம். சுடுதண்ணீர்த் துணி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் தோள் அசையும். ஆட்டத்துக்கு முன்னால் சில அடி தூரத்தில் நின்று மெல்லத் தூக்கிப் போடுவார். வலி விட விட ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து தூரத்தைக் கூட்டுவார். கை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கூட இருந்தவர்களுக்கு மூச்சு வரும். அந்தக் கையோடு வீசிய நாலு இன்னிங்ஸைத்தான் பரிமாறியது என்கிறீர்கள், கணக்குப்பிள்ளை. எனக்கு வயிறு எரிகிறது.

இடதுகை:
ஒரு சந்தேகம். ஜூலை 28 அன்று ராட்போர்ன் பெஞ்சிலிருந்தா வந்தார்? மாற்று ஆள் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

பழைய ஸ்கோர்புக்:
பெஞ்சிலிருந்து எப்படி வர முடியும்? களத்துக்குள்ளேயே வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்படியானால் முதல் பந்திலிருந்தே அவர் அந்த ஆட்டத்தில் இருந்தார். என் கட்சிக்குத்தான் பலம்.

கணக்குப்பிள்ளை:
களத்தில் நின்றவருக்கெல்லாம் வெற்றி எழுதுவதானால் ஜோ ஸ்டார்ட்டுக்கு 84 எழுதுங்கள்.

போன தடவையும் இப்படித்தான். 1899 கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் 20 ஜெயித்து 134 தோற்றது என்று நான் எழுதியதற்கு, "எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஆட்டம் புரியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். மறக்கவில்லை.

பழைய ஸ்கோர்புக்:
சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். முதலாளிகள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கிக்கொண்டு, சை யங் உட்பட நல்ல ஆட்களையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லாமல் 134 என்று மட்டும் எழுதினால் அது என்ன வரலாறு?

இடதுகை:
ஸ்பைடர்ஸுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே எனக்கு வேறு ஒரு குறை. மற்ற இழைகளில் நீங்கள் 1884 கிரேஸை "முதல் உலக சாம்பியன்" என்று மூச்சுக்கு மூச்சு எழுதுகிறீர்கள். அக்டோபர் 23, 24, 25 என்று மூன்றே நாள், மூன்றும் நியூயார்க்கில், ஒரே எதிரணி மெட்ரோபாலிட்டன்ஸ். இரண்டு லீக் சாம்பியன்கள் மோதும் இன்றைய வேர்ல்ட் சீரிஸ் 1903-இல்தான் தொடங்கியது.

பழைய ஸ்கோர்புக்:
நேஷனல் லீக் சாம்பியனும் அமெரிக்கன் அசோசியேஷன் சாம்பியனும் மோதினார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தப் பக்கம் டிம் கீஃப், பின்னாளில் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். இந்தப் பக்கம் மூன்று நாளும் ராட்போர்ன். மூன்றும் வெற்றி. கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வைத்த பலகையிலேயே அது வேர்ல்ட் சீரிஸ் என்றுதான் பொறித்திருக்கிறது. கடைசி 27 ஆட்டம் வீசி 26 ஜெயித்தார் என்றும் அதே பலகையில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பலகையில் 60 என்று எங்கே இருக்கிறது?

பழைய ஸ்கோர்புக்:
59 என்று எங்கே இருக்கிறது?

மெஸ்ஸர் தெரு:
27 ஆட்டம் என்பதே இடிக்கிறதே. நடுவில் எட் கான்லியும் வீசினாரே. பலகையை நம்பினால் கான்லியே இல்லாமல் போய்விடுவார். ஒருத்தரை உயர்த்த ஒன்பது பேரை மறைக்கிறீர்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

பழைய ஸ்கோர்புக்:
யாரையும் மறைக்கவில்லை. கான்லி வீசியது அவர் கணக்கில் இருக்கிறது. ராட்போர்னுடையதை ராட்போர்ன் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன். 1904-இல் ஜாக் செஸ்ப்ரோ ஜெயித்தது 41. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. 59 என்றாலும் யாரும் கிட்ட வரப்போவதில்லை, பிறகு எதற்கு அழுகிறாய் என்று கேட்பீர்கள். அவர் வீசி வாங்கியது, அதனால் அழுகிறேன். நாளை முதல் ஒவ்வொரு ஆட்டமாக இங்கே எழுதப்போகிறேன். யார் தொடங்கினார், யார் முடித்தார், எத்தனை ரன், எல்லாம் வரும். எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுதுங்கள். ஜூலை 28 வரும்போது ஆறாவது இன்னிங்ஸின் முதல் பாதியை விட்டுவிடாமல் எழுதுங்கள். 7-4. பிட்சர் மில்லர்.

இடதுகை:
1903 என்று நான் சொன்னதற்குப் பலகையைத் தவிர வேறு பதில் உண்டா?

பழைய ஸ்கோர்புக்:
உண்டு. ஜூலை 28 முடிந்ததும் அக்டோபருக்கு வருகிறேன்.