அப்பாவின் கைக்குத் தசைமின் உணரி: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்ததிலிருந்து வலக்கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. விரிக்கச் சொன்னால் கை அசைவதில்லை. ஆனால் முன்கையின் மேற்புறத்தில் என் விரலை வைத்தால், தோலுக்கடியில் தசை மெல்லத் துடிப்பது தெரிகிறது.

தசையில் எழும் மின்சமிக்ஞையை அளக்கும் தசைமின் உணரியைக் கொண்டு அந்தத் துடிப்பைத்தான் பயன்படுத்த விரும்புகிறேன். தசை சுருங்கும்போது தோலின் மேல் கிடைக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவே என்றாலும், அதைப் பெருக்கித் திரையில் கோடாகக் காட்டினால், தம் முயற்சி கையை எட்டுவதை அப்பா கண்ணாலேயே பார்க்கலாம்; பிறகு அதே சமிக்ஞையால் விரல்களை விரிக்கும் மோட்டார் கையுறையையும் இயக்கலாம். முன்கையில் அணியும், எட்டு தசைமின் உணரிகள் கொண்ட மையோ என்ற கைப்பட்டையின் விற்பனை 2018இலேயே நின்றுவிட்டதால், தனி உணரி ஒன்றை வாங்கி, மின்முனைகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டிப் பார்க்கிறேன். மடிக்கணினியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கினால் வீட்டு மின்சாரத்திலிருந்து சமிக்ஞையில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறைகிறது. பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

இரண்டு சிக்கல்கள் தீரவில்லை. இவ்வூர்ப் புழுக்கத்தில், தோலை ஆல்கஹாலால் துடைத்து ஒட்டினாலும், பத்து நிமிடத்தில் வியர்வையால் மின்முனை நழுவிவிடுகிறது. மேலும், விரிக்க முயலும்போதே மடக்கும் தசையும் சேர்ந்து இறுகுவதால், எந்த அளவை முயற்சி என்று கொள்வது எனப் புரியவில்லை. மலாக்காவிலுள்ள பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) துன் ரசாக் மறுவாழ்வு மையத்திலோ வேறெங்குமோ இம்முறையில் பயிற்சி பெற்றவர்களும், ஈப்போ வட்டாரத்து இயன்முறை சிகிச்சையாளர்களும் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.