மக்காச்சோளத்தில் தேமல்: அசுவினி செத்தும் ஏன் நிற்கவில்லை?

கரிசல்காடு, பெரம்பலூர்:
கிணற்றுப் பாசன மக்காச்சோளம், முழங்கால் உயரம். கரும்பை ஒட்டிய வரப்போரம் குருத்து இலைகளில் வெளிர்பச்சைத் திட்டுகள். மருந்துக்கடையில் துத்தநாகக் குறை என்கிறார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் தேமல் என்ற வைரஸ் நோய் என்கிறார். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருந்தது, இமிடாகுளோபிரிட் அடித்தேன். பூச்சி செத்துவிட்டது, திட்டு மட்டும் உள்ளே ஏறிக்கொண்டே போகிறது. மருந்தை மாற்றலாமா?

வரப்புமேடு:
மாற்றாதீர்கள் தம்பி, காசுதான் போகும். குருத்து இலை ஒன்றை உருவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துத்தநாகக் குறை என்றால் நடுநரம்புக்கு இருபுறமும், இலையின் அடிப்பக்கத்தில், அகலமான வெள்ளைப் பட்டை ஓடும். வெளிறிய இலையில் கரும்பச்சைத் திட்டுகள் சிதறிக் கிடந்தால் தேமல். கரும்பு பக்கத்தில் இருப்பதால் எனக்குக் கரும்புத் தேமல் வைரஸ் மேல்தான் சந்தேகம். அது மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் தாவக்கூடியது.

மருந்து ஏன் கேட்கவில்லை என்றால், இந்த வைரஸ் அசுவினியின் உடம்பில் தங்கிப் பெருகுவதில்லை. ஊசி போன்ற வாயில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். சிறகு முளைத்த அசுவினி காற்றோடு வந்து இறங்கி, நமக்கு ஆகுமா என்று ஒரு குத்து குத்தி ருசி பார்க்கும். வைரஸை எடுக்கவும் கொடுக்கவும் அந்தச் சில விநாடிகளே போதும். பிடிக்காவிட்டால் அடுத்த செடி. மருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். மக்காச்சோளத்தில் குடியே இருக்காத அசுவினி இனங்களும் இப்படி வந்துபோகிற வழியில் பரப்பிவிடும்.

கரிசல்காடு:
சரிங்க அண்ணா. அப்போ அசுவினியைக் கண்டுகொள்ளவே வேண்டாமா?

வரப்புமேடு:
அப்படி இல்லை. பின்னால் ஆண் பூங்கொத்தில் அடை அடையாக மொய்த்து, அதன் தேன்போன்ற பிசுக்கு ஒழுகி மகரந்தம் கெட்டியாக ஒட்டிப்போனால் மணி பிடிக்காது. அதற்கு அடிப்பது நியாயம். பொறிவண்டு நிறைய இருந்தால் அதுவும் வேண்டாம். தேமலுக்கு, இப்போதைக்கு நோய் கண்ட செடி கொஞ்சம்தான் என்றால் பிடுங்கிவிடுங்கள். காட்டில் பாதி பிடித்திருந்தால் பிடுங்கிப் பயனில்லை.

மழைக்காகிதம்:
கென்யாவில் 2011இல் போமெட் பக்கம் மக்காச்சோளம் காடு காடாகக் காய்ந்ததில் இதே கரும்புத் தேமல் வைரஸுக்கும் பங்கு உண்டு. இலைப்பேனும் வண்டும் பரப்பும் இன்னொரு வைரஸும் அதே செடியில் சேர்ந்துகொண்டது. தனியாக வந்தால் தேமல் அந்த அளவு கொல்லாது. அங்கே மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் போடாதீர்கள், நடுவில் பயறு போடுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

வரப்புமேடு:
சரியாகச் சொன்னீர்கள். தம்பி, அடுத்த போகம் கரும்போரம் உளுந்து போட்டுப் பாருங்கள். மறுதாம்புக் கரும்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது) தேமல் இருக்கிறதா என்று அந்தக் காட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.